டயரைப் பார்த்துப் பேசிய இங்கிலீஷ்

எங்கள் ஊரில் ஒருவர் வாயைத் திறந்ததும், எதிரில் இருப்பவர் அவருடைய மொழிக்கு மாறிவிட வேண்டும். இது சட்டமில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. வீடு தேடி வந்தவர் நின்றுகொண்டிருக்கும்போது நாம் மட்டும் உட்கார்ந்திருந்தால் எப்படியோ, அவர் தெலுங்கில் கேட்க நாம் தமிழில் பதில் சொல்வதும் அப்படித்தான். பாகலூருக்குப் பக்கத்தில், நடந்தே மைசூர் ராஜ்யத்துக்குப் போய்வரும் தூரத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு, எண்ணெய் கொண்டுவருபவருக்குக் கன்னடம். அப்பா காலைக் கூழ் குடிப்பதற்குள் மூன்றையும் பேசி முடித்துவிட்டு, மூன்று மொழி பேசினோம் என்ற நினைப்பே இல்லாமல் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. இரண்டு பேருமே மரியாதைக்காரர்களாகப் போய்விட்டால் என்ன செய்வது? என் அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரி. கல்யாணமாகி வந்த முதல் நாளே அவள் என்னிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினாள். நான் விடுவேனா, கன்னடத்தில் பதில் சொன்னேன். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷங்கள் போயின. அவள் தமிழிலும் நான் கன்னடத்திலுமாகவே எங்கள் பேச்சு நடந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் அண்ணியிடம் சொன்னதாக வருவதெல்லாம் கன்னடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை வந்தால் மட்டும் கதை வேறு. அப்போது அவள் கன்னடம், நான் தமிழ். மரியாதை பார்த்துக்கொண்டு யாராவது சண்டை போடுவார்களா? அண்ணன் வயலிலிருந்து வரும்போது வேலிக்கு வெளியிலேயே ஒரு கணம் நின்று காது கொடுப்பான். அவரவர் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருந்தால் அப்படியே திரும்பி மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நாளெல்லாம் தண்ணீர் குடித்தே எங்கள் மாடு கொழுத்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எந்த ஊர் எந்த ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று பட்டணங்களில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கேட்டவர் எந்த மொழியில் கேட்டாரோ அந்த மொழியில் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பியிருப்போம்.

அந்தச் சமயத்தில்தான் கிராம சேவிகா வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஊர் ஊராகப் போக வேண்டும், குழந்தைகளுக்கு என்ன கொடுக்கலாம், புகையில்லாமல் அடுப்பு எப்படிப் போடலாம் என்று பெண்களிடம் பேச வேண்டும். எட்டாவது தேறியிருந்தால் போதும். நான் ஓசூரில் எட்டாவது தேறிவிட்டு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா என்றால் சாணி அள்ளி, ராகி அரைத்து, மாட்டுக்குப் புல் அறுத்து, சும்மா. ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளம் இல்லாமலே நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கையில் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அப்பா மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவைதான் என்றார். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் தை மாதம் உத்தனப்பள்ளி மாமாவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிடுவார். காலமாகிவிட்ட என் அம்மாவின் தம்பி அவர், நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குப் பேச்சே கிடையாது. ஆடு வைத்திருந்தார், ஆடுகளோடு இருந்து இருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதை வீண்செலவாக நினைத்தார். அந்த வீட்டில் என் பேச்சையெல்லாம் நானும் ஆடுகளிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

என்னோடு ஓசூரில் படித்த ஒருத்தி முந்தின தடவை நேர்முகத்துக்குப் போய்த் தோற்றுவந்தவள். அவள்தான் எச்சரித்தாள். இங்கிலீஷில் கேட்பார்கள், அதுவும் சமூகம், சமுதாயம், ஊர்ப் பொதுக்காரியம் இவற்றைப் பற்றிக் கேட்பார்கள், வார்த்தை தெரியவில்லையென்றால் அவ்வளவுதான் என்றாள். நான் ஓசூர் சந்தையில் தேடிப்பிடித்து அட்டை போன ஒரு பழைய இங்கிலீஷ் வாசகப் புத்தகம் வாங்கினேன். அதில் ஒரே ஒரு பாடம்தான் எனக்கு வேண்டியது. ஒரு சமுதாயத்தில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

மனப்பாடம் எனக்கு வராது. பேச்சில் வந்தால்தான் மண்டையில் நிற்கும். அண்ணியோடு திருகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ராகி அரைக்கும்போது ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன். அர்த்தம் சொன்னதும் அண்ணி அதை ஊரில் ஒரு வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிடுவாள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது அவளுக்கு. ஆனால் மாட்டுவதில் கெட்டிக்காரி.

'நெய்பர்' என்றேன். பக்கத்தில் குடியிருப்பவர். அண்ணி எதிர்வீட்டைத் தாடையால் காட்டினாள். அந்த வீட்டுக் கோழி எங்கள் பரணில்தான் முட்டையிடும். முட்டை எடுக்க வருகிற அம்மாள், கூடவே எங்கள் வீட்டுச் சேதியையும் எடுத்துக்கொண்டு போவாள். 'வாலண்டியர்' என்றால் யாரும் கூப்பிடாமலே வேலை செய்ய முன்வருபவர். கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாற முதலில் இடுப்பில் துண்டு கட்டுகிற ஒருவர் மேலத்தெருவில் இருந்தார், கிணற்றில் தூர் எடுக்கும் நாளில் மட்டும் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அவருக்குப் பாதி வாலண்டியர் என்று பெயர் வைத்தோம். 'கமிட்டி' என்றால் ஊர்த் திருவிழாவுக்காகக் கூடுகிற பெரியவர்கள், அடுத்து எப்போது கூடலாம் என்று முடிவு செய்துவிட்டுக் கலைபவர்கள். 'மெஜாரிட்டி'க்கு எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டோம். அப்பாவும் அண்ணனும் ஒரு பக்கம், நானும் அண்ணியும் மறுபக்கம். சமமாக நின்றது. பசுவைச் சேர்த்துக்கொண்டால் பெண்கள் பக்கம்தான் மெஜாரிட்டி என்று அண்ணி தீர்ப்பு சொன்னாள்.

சில வார்த்தைகளுக்கு வீடு கிடைக்கவில்லை. 'பிரைவசி' என்றொரு வார்த்தை. யாரும் வராமல், யாரும் பார்க்காமல், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பது என்று விளக்கினேன். அண்ணி திருகையை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"எதுக்கு? ஒடம்பு சரியில்லையா?"

அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இன்னொன்று 'ஈக்வாலிட்டி'. எல்லாரும் சமம் என்பது. இதற்கு எந்த வீட்டைக் காட்டுவது என்று அண்ணி வெகுநேரம் பார்த்தாள். எங்கள் ஊரில்தான் எல்லாரிடமும் அவரவர் மொழியில் பேசி மரியாதை செய்கிறோமே, அதுதான் இது என்றேன் நான், பெருமையாக. அண்ணி மாவை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம காட்டுக்கு களை எடுக்க வருதே அந்தம்மா, அவங்க ஊட்ல என்ன மொழி?"

எனக்குத் தெரியவில்லை. சேரியிலிருந்து வருபவள். நான் குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே எங்கள் வயலில் களை எடுக்கிறாள். நல்ல தமிழ் பேசுவாள், எதிர்வீட்டு வயலில் தெலுங்கு பேசுவாள். அவளுக்காக நாங்கள் யாரும் மாறியதில்லை, எங்கள் எல்லாருக்காகவும் அவள்தான் மாறிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்கு வீடு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனோம். ஆனாலும் அது முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது.

நேர்முகம் கிருஷ்ணகிரியில், டிராவலர்ஸ் பங்களாவில். அண்ணனுக்கு உழவு வேலை, அப்பாவுக்கு மூட்டுவலி. அண்ணிதான் துணைக்கு வந்தாள். அவளிடமிருந்த ஒரே பட்டுப்புடவையை, அவள் கல்யாணத்துக்கு எடுத்த மைசூர்ப் பட்டை, எனக்குக் கட்டிவிட்டாள். கட்டும்போது ஒரு கறை பட்டால் உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று அன்பாகத் தமிழில் சொன்னாள். ஓசூர் வரைக்கும் வண்டி, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் நான் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

என்னைக் கூப்பிட்டபோது அண்ணி புளிச்சோற்றுத் தூக்கோடு அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மூன்று பேர். நடுவில் பெரிய அதிகாரி, அவருக்கு வலப்புறம் விவசாயத் துறையிலிருந்து ஒருவர், இடப்புறம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மையார். நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் பெரிய அதிகாரி பியூனைக் கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தெலுங்கில் கேட்டார். என் காரியம் கெட்டது அந்த இடத்தில்தான்.

கம்யூனிட்டி என்றால் என்ன என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். அதற்கு நான் ஊர்க்கிணறு தூர் எடுக்கும் நாளை மாட்டிவைத்திருந்தேன். தயங்காமல் சொன்னேன். கோடையில் ஒருநாள் ஊர் முழுக்கக் கூடுவதை, சேற்றுக் கூடை கைமாறி மேலே வருவதை, பாதி வாலண்டியரின் முதுகுவலியை எல்லாம் சொன்னேன். அதிகாரி மேஜைமேல் சாய்ந்துவிட்டார். அவர் பிறந்த ஊரிலும் அப்படித்தானாம், அன்றைக்கு உங்கள் ஊரில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேச்சு வெள்ளமாக ஓடியது.

விவசாய அதிகாரி ஹாஸ்பிடாலிட்டியைப் பற்றிக் கேட்டார். இங்கிலீஷ்தான், ஆனால் அடியில் கன்னடம் ஓடியது எனக்கா தெரியாது? அவரைக்காய்க் காலத்தில் எங்கள் பக்கத்துக்கு யார் வந்தாலும் பிதுக்குப் பருப்புக் குழம்பு ஊற்றாமல் அனுப்பமாட்டோம் என்றேன். எத்தனை பேர் உட்கார்ந்து பருப்பைப் பிதுக்குவோம், பிதுக்கும்போது யார் வீட்டுக் கதையெல்லாம் சேர்ந்து பிதுங்கும் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குழம்புக்குத் தேங்காய் அரைத்து விடுவீர்களா என்று கேட்டார். அந்த நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசியில் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இங்கிலீஷ் தெரியுமா அம்மா என்று தமிழில் கேட்டார். தெரியுமுங்க, நல்லாத் தெரியுமுங்க என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து கும்பிட்டுவிட்டு, பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு, கலெக்டர் மாதிரி வெளியே வந்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், பெரிய அதிகாரி எப்படிச் சாய்ந்தார், விவசாய அதிகாரி எப்படிக் கண்ணை மூடினார் என்றெல்லாம். அண்ணி சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் சரி பாப்பா. நெய்பர் எப்ப சொன்ன?"

சொல்லியிருப்பேனே என்றேன். யோசித்துப் பார்த்தேன். நெய்பர் இல்லை. வாலண்டியர்? அதற்குத் தெலுங்கில் என்னவோ சொன்னேன். ஹாஸ்பிடாலிட்டி? கன்னடத்தில் வெளுத்து வாங்கினேனே.

"ஜன்னல் கீழதான் குந்தியிருந்தேன். தெலுங்கு கேட்டுச்சு, எங்க மொழி கேட்டுச்சு, தமிழு கேட்டுச்சு. இங்கிலீசு மட்டும் கேக்கல. அதை மெதுவாத்தான் பேசுவாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சிக்கினேன்."

அத்தனை நாள் திருகையோடு சேர்த்து அரைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் வெளியே விடவில்லை. மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேருக்கும் அவரவர் மொழியில் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இப்படியொரு காரியத்தைச் செய்திருக்கமாட்டாள். உத்தனப்பள்ளி ஆடுகள் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

குருபரப்பள்ளியில் பஸ் நின்றது. நான் எழுந்துவிட்டேன். எங்கே போகிறாய் என்று அண்ணி கேட்டாள். இறங்குங்கள், திரும்பிப் போகிறோம் என்றேன். பைத்தியமா என்று கேட்டாளே தவிர, தூக்கை மூடிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கியது அவள்தான்.

திரும்பிப் போக அப்போதைக்குப் பஸ் இல்லை. கிருஷ்ணகிரி அணைக்குச் சிமெண்டு ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்றுதான் வந்தது. அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். தலைப்பாகை கட்டிய வடநாட்டு டிரைவர். எங்களுக்குத் தெரிந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை, அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. அவர் கையை ஆட்டி ஜாடையில் கேட்டார். அண்ணி உடனே அவருடைய ஜாடைக்கே மாறி, கையாலேயே முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். எங்களை ஏற்றிக்கொண்டார். மூட்டைகள்மேல் உட்கார்ந்த பிறகுதான் அண்ணி புடவையைப் பார்த்தாள். பட்டு முழுக்கச் சிமெண்டு. கிருஷ்ணகிரி மலை கண்ணில் படுகிற வரைக்கும் அவள் கன்னடத்தில் திட்டினாள், நான் தமிழில் திருப்பிக் கொடுத்தேன்.

பங்களா வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பின்னால் மாம்பழக் கூடைகள். பெரிய அதிகாரி ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். தலையெல்லாம் சிமெண்டு. முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன், நாக்கில் தெலுங்கு வந்து நின்றது. அம்மையாரைப் பார்த்தேன், தமிழ் வந்தது. இது சரிப்படாது என்று குனிந்து ஜீப்பின் முன் டயரைப் பார்த்தேன். டயருக்கு மொழி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் ஆரம்பித்தேன். ஐயா, எனக்கு இங்கிலீஷ் தெரியும், காலையில் நான் பேசவில்லை, தயவுசெய்து மறுபடி கேளுங்கள் என்றேன். கேட்பதற்குள் நானே அவிழ்த்துவிட்டேன். நெய்பர் கோழியோடு வந்தாள், கமிட்டி கூடிக் கலைந்தது, மெஜாரிட்டிக்குப் பசு ஓட்டுப் போட்டது. இலக்கணம் எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. மேலே யாரோ சிரித்தார்கள். நான் டயரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அம்மையார் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய செருப்பு மட்டும் டயருக்குப் பக்கத்தில் தெரிந்தது. ஈக்வாலிட்டி என்று ஒரு வார்த்தை உண்டே, அது உங்கள் ஊரில் எப்படி என்று இங்கிலீஷில் கேட்டார். உடைந்த இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருடைய மொழியையும் பேசுவோம், எங்கள் வயலில் வேலை செய்யும் ஒரு பெண் இருக்கிறாள், அவள் வீட்டில் என்ன மொழி பேசுவாள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அதனால் அந்த வார்த்தையை எந்த வீட்டிலும் மாட்டவில்லை. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

பெரிய அதிகாரி தெலுங்கில் கேட்டார், இவ்வளவும் தெரிந்தவள் காலையில் ஏன் பேசவில்லை என்று. அவ்வளவுதான், என் தலை தானாக நிமிர்ந்தது, தெலுங்கும் தானாக வந்தது.

"நீங்க தெலுங்குக்காரரு. உங்க மொகத்தப் பாத்து இங்கிலீசுல பேசுனா நல்லாவாங்க இருக்கும்?"

அவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மையார் என் தோளில் இருந்த சிமெண்டைத் தட்டிவிட்டார்.

"வேலைக்கு வந்தப்புறம் டயரைப் பாத்துப் பேசாதேம்மா. மனுஷா மொகத்தைப் பாத்துப் பேசு."

வந்தப்புறம் என்றாரே, வந்தால் என்று சொல்லவில்லையே என்று ஊர் போய்ச் சேரும் வரைக்கும் நானும் அண்ணியும் அந்த ஒரு சொல்லையே பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டு போனோம். புடவைச் சண்டை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பதில் வருவதற்கு நாளாயிற்று. அதற்குள் ராகிக்குக் களை எடுக்கும் காலம் வந்தது. அந்த அம்மாள் வந்தாள். நான் வரப்பில் போய் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டேன், உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று. அவள் களைக்கொத்தை நிறுத்தாமல், எதுக்கும்மா, எதுல வேணுமோ அதுல பேசறேனே என்றாள். வேலைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கன்னடம் என்றாள். அவள் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அண்ணியின் அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஊர்தான்.

பின்னால் கூழ்ப் பானையோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இந்த இரண்டு பேரும் ஒரே வயலில் நின்று, தங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணி பானையை இறக்கி வைத்தாள். தன் அம்மா ஊர் ஏரியின் பெயரைச் சொல்லி, அந்த ஏரி தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டாள். அந்த அம்மாள் கொத்தைக் கீழே போட்டாள். அன்றைக்கு எங்கள் வயலில் களை அவ்வளவாக எடுபடவில்லை. அடுத்த நாளிலிருந்து அண்ணியும் அவளுக்குப் பக்கத்திலேயே குந்திக் களை எடுத்தாள். இரண்டு பேரும் பேசும் சத்தம் வீடு வரை கேட்டது. சண்டை என்று நினைத்து அண்ணன் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினான்.

உத்தரவு வந்தது. முதலில் பயிற்சி, பிறகு வேலை. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு எதிர்வீட்டுக்குப் போய்த் தெலுங்கிலும், எண்ணெய்க்காரரிடம் கன்னடத்திலும் சொல்லிவிட்டு வந்தார். மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். சரி என்று சொல்லி அனுப்பினார், அன்றைய நாலு வார்த்தையில் ஒன்று எனக்காகச் செலவானது. அந்தத் தையிலேயே அவருக்கு ராயக்கோட்டையில் பெண் அமைந்தது. அவள் எனக்கு மேல் வாயாடி என்று பின்னால் கேள்விப்பட்டு மனம் குளிர்ந்தேன்.

பயிற்சிக்குக் கிளம்பிய நாள் அண்ணிதான் ஓசூர் வரை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரி கதவைத் தாழ் போடு, அங்கே கிடைப்பதைச் சாப்பிடு என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். நானும் ஆகட்டும் என்று எல்லாவற்றுக்கும் கன்னடத்தில் தலையாட்டினேன். அந்தப் பட்டுப்புடவையை என் பெட்டியிலேயே வைத்துவிட்டிருந்தாள், சிமெண்டுக் கறையோடு. கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அண்ணி கீழே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹோகி பா," என்றாள்.

போய் வா. கன்னடத்தில். இப்போது என்ன சண்டை, நான் என்ன செய்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சண்டை இல்லை. கண் நிறைந்து நின்றது. இத்தனை வருஷமாக என்னைத் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்தினாள், நானும் அவளை அப்படியே நடத்தினேன். இருவரும் ஒருவருக்கொருவர் எழுந்து நின்றுகொண்டேயிருந்தோம். அன்று அவள் தன் மொழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கன்னடம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், நாக்கு திரும்பவில்லை.

"போயிட்டு வரேன் அண்ணி," என்று என் தமிழில் சொன்னேன். பஸ் கிளம்பியது.